ஈ உட்கார்ந்த இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு, நான் மழுப்பி, எதற்கு வீண் வேலை?

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். பல் டாக்டர் வாசல் பெஞ்சில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, தெருவில் ஒரு பெண் கைபேசியை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, "பிரேக் வேணும்னா எந்த பிரேக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!" என்று கத்திக்கொண்டே போனாள். அடுத்த வரி வருவதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்கலாமா என்று எழுந்தேன். உள்ளே என் முறை வந்துவிட்டது. பல் போய்விட்டது. அந்த வரி போகவில்லை.

நான் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் மரத்துப்போன வாயோடு வீடு வந்து சேர்வதற்குள் நானாகக் கட்டியது. அவள் யார், யாரைத் திட்டினாள், எதிர்ப்பக்கம் இருந்தவர் என்ன பதில் சொன்னார், எதுவும் தெரியாது. தெரியாததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கண்ணுகளா, நான் எழுதிப் பழகியவள் இல்லை, சொல்லிப் பழகியவள். எதிரே முகங்கள் இருந்தால் எனக்குக் கதை தானாக ஓடும். ஒருவர் கொட்டாவி விட்டால் வேகத்தைக் கூட்டுவேன், ஒருவர் கண்ணைத் துடைத்தால் குறைப்பேன். தாள் கொட்டாவியும் விடாது, கண்ணையும் துடைக்காது. அதனால் நடுநடுவே உங்களைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன். இருக்கிறீர்களா? நல்லது.

2

தொடக்கம் ஒன்று: "மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு—"

(வேண்டாம். எனக்கு எழுத ஒன்றும் தோன்றாதபோதெல்லாம் மழை பெய்கிறது.)

தொடக்கம் இரண்டு: "அவளுக்கும் அவனுக்கும் கல்யாணமான புதிதில்—"

(இதுவும் வேண்டாம். கல்யாணத்தில் ஆரம்பித்தால், சேர்ந்திருக்கிறார்களா பிரிந்துவிட்டார்களா என்று இப்போதே கேட்டு என்னைப் பிய்த்துவிடுவீர்கள். அதுதான் எனக்கே தெரியவில்லையே.)

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்வோம்:

லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மேசைக்குப் பின்னால் நிற்கிற அவளை ஓட்டுநர்கள் எல்லோரும் 'ஸ்பேர் அக்கா' என்பார்கள். தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாக ஃபேன் பெல்ட்டுகள் தொங்கும். பின்னால் உத்தரம் வரைக்கும் அட்டைப் பெட்டிகள். ஓட்டுநர் வருவான், தேய்ந்துபோன சாமானைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் 'டொப்'பென்று வைத்து, "இதே மாதிரி" என்பான். அவளும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இதே மாதிரி ஒன்றை எடுத்து வைப்பாள். அவளுடைய வேலையில் பேச்சுக்கு இடமே இல்லை. சாமானை வைத்தால் சாமான் கிடைக்கும்.

அவள் புருஷனும் லாரிக்காரன்தான். கண்ணாடிப் பலகைகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் போய் இறக்கிவிட்டு வருகிறவன். அதனால் அவனுக்குப் பெயர் 'கண்ணாடி'. லாரி ஷெட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், கண்ணாடி எங்கே என்று கேட்டுவிட்டு மூக்கில் கண்ணாடி மாட்டியவனைத் தேடுவார்கள். (பாருங்கள், நம் தமிழும் இந்த வம்பில் சளைத்ததில்லை. இங்கிலீஷை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.)

கண்ணாடி ஏற்றுகிறவன் வேகமாக ஓட்டமாட்டான், வேகமாகப் பேசவும் மாட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அவள் பாத்திரம் துலக்கி முடித்திருப்பாள்.

3

வியாபாரம் மும்முரமாக இருந்த ஒரு காலை. ஒருவன் ஹார்ன் சத்தம் போதவில்லை என்று அதை அமுக்கி அமுக்கிக் கடையையே அலற வைத்துக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவனுக்குத் தட்டச்சு வராது. பேசினால் தமிழில் எழுதிக்கொள்கிற வசதி ஒன்று இருக்கிறதே, அதில் பேசி அனுப்பியிருந்தான்.

'எனக்கு ஒரு பிரேக் வேணும். இதுக்கு மேல தாங்காது. நீயே பாத்து முடிவு பண்ணு.'

கூப்பிட்டாள். மலைக்குள் போய்விட்டான் போலிருக்கிறது, லைன் கிடைக்கவில்லை.

அவள் யோசிக்கவே இல்லை. கை தானாக மேல் தட்டுக்குப் போனது. அவன் லாரி பிரேக்குக்கு என்ன லைனிங் பட்டை, எத்தனை ரிவிட் ஆணி என்பதெல்லாம் அவன் சட்டை அளவு மாதிரி அவளுக்குப் பாடம். எடுத்து வைத்து, சணலால் கட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார்.

"யாருக்கும்மா கட்டுறே?"

"அவருக்குத்தான் முதலாளி. பிரேக் போயிடுச்சு போல. மலையில வச்சுப் போனா என்ன ஆகுறது?"

"போன தடவை இங்கதானே மாத்திட்டுப் போனான்?"

"கண்ணாடி லோடு முதலாளி. மிதிச்சு மிதிச்சே தேச்சுடுவாரு."

முதலாளி அவள் கைபேசியை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"ஏம்மா, எவனாவது 'ஒரு' பிரேக் வேணும்னு கேப்பானா? செட்டுன்னுதானே கேப்பான்? முன்னாடியா பின்னாடியா எதுவும் சொல்லல. அவன் என்ன நேத்து லைசென்ஸ் எடுத்தவனா?"

"அப்ப?"

"ஓய்வு கேக்குறாம்மா. என் அண்ணன் மகன் ஆபீஸ்ல நாள் பூரா இதான். டீ குடிக்க ஒரு பிரேக். டீ குடிச்ச களைப்புக்கு ஒரு பிரேக்."

"ஓய்வு வேணும்னா லாரி ஓனரைல்ல கேக்கணும்? என்கிட்ட எதுக்கு? நான் என்ன பாத்து முடிவு பண்றது?"

முதலாளி தாடையைச் சொறிந்தார். "அதாம்மா எனக்கும் இடிக்குது."

ஹார்ன்காரன் எட்டிப் பார்த்தான். "அக்கா, அண்ணனுக்கு என்ன, ஹார்ன் போயிடுச்சா?"

"உனக்கு வாய் போயிடாம பாத்துக்கோ" என்றாள் அவள்.*

* அந்த 'ஒரு'வைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் எழுதியபோது அது இல்லை, 'எனக்கு பிரேக் வேணும்' என்றுதான் இருந்தது. அப்போது கதை சாமான் பக்கம் சாய்ந்துவிட்டது. 'ஒரு' போட்டதும் மனுஷன் பக்கம் சாய்கிறது. எடுத்தேன், போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டிருக்கிறேன். 'இதுக்கு மேல தாங்காது' என்பதில் எனக்கு வம்பே வரவில்லை. எது தாங்காது? லாரியா, உடம்பா, வேறு எதுவுமா? நம் பாஷையில் தாங்காதது எதுவென்று சொல்லாமலே எதுவும் தாங்காமல் போகலாம். எவ்வளவு வசதி, எவ்வளவு ஆபத்து!

4

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். நான் இங்கிலீஷ் படித்தவள் இல்லை. மாத்திரை அட்டை, சோப்பு உறை, கடைப் பலகை என்று கண்ணில் பட்டதைக் கூட்டிக் கூட்டி நானாகப் பொறுக்கிக்கொண்டதுதான். அப்படிப் பொறுக்கும்போது முதலில் பட்டது இதுதான்: அந்தப் பாஷையில் நிறைய வார்த்தைகள் இரட்டைப் பிள்ளைகள். வாசலில் நிற்கும்போது ஒரே முகம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால் குணம் வேறே.

டாக்டர், "நீங்க வீக்கா இருக்கீங்க" என்கிறார். நோயாளி, "ஆமாங்க, ஒரு வீக்கா இப்படித்தான் இருக்கேன்" என்கிறார். இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள்.

ஒருவருக்கு ஆண் பிள்ளை இல்லை. வீடு காட்ட வந்த தரகர், "இந்த வீட்டுல ஒரே குறை, சன் இல்லை" என்று சொல்லப்போக, அவர் மனைவி அழுதுவிட்டாள். தரகர் பாவம், ஜன்னல் வழியாக வராத வெயிலைத்தான் சொன்னார்.

இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதினால் வம்பில்லை, எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் எழுதும்போதுதான் வசமாக மாட்டிக்கொள்கிறோம். நம் எழுத்து பெரிய மனசு, யார் வந்தாலும் ஒரே பாயில் உட்கார வைத்துவிடும். ஃபைல் தெரியும்தானே, ஆபீஸில் கட்டுக் கட்டாக இருக்குமே? அதைப் பழைய ஆட்கள் 'பைல்' என்பார்கள். ஒரு குமாஸ்தா வீட்டுக்குப் போன் செய்து, "பைல்ஸ் ஜாஸ்தியாயிடுச்சு, உக்காரவே முடியல" என்றார். அவர் வீடு திரும்புவதற்குள் வாழைப்பழமும் வெந்நீர்த் தொட்டியும் தயார்.

சிரித்தீர்களா? சரி. இனிமேல் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

இந்தப் பிரேக்கை இங்கிலீஷ் அகராதியில் தேடிப் பார்த்தேன். வண்டியை நிறுத்துகிற பிரேக்குக்கு ஐந்து எழுத்து. உடைகிற, ஓய்கிற, விலகுகிற பிரேக்குக்கும் ஐந்து எழுத்து. அதே ஐந்து! ஒரு எழுத்துகூடக் கூட இல்லை, குறைய இல்லை. முதலாவதில் ஈ என்கிற எழுத்து கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஈ எழுந்து பறந்து நடுவில் போய் உட்கார்ந்தால் இரண்டாவது. அவ்வளவுதான் வித்தியாசம். வாலில் ஈ இருந்தால் வண்டி நிற்கும். நடுவில் ஈ வந்தால் ஏதோ ஒன்று உடையும்.

தமிழில் அந்த ஈயே தெரிவதில்லை. அதனால்தான் ஸ்பேர் அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை.

5

அவளுக்கு நாத்தனார் ஒருத்தி உண்டு, கண்ணாடியின் அக்கா. இரண்டு தெரு தள்ளி பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள்.

(நாத்தனார் வந்துவிட்டாளா, இனி வம்புதான் என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். எழுத எழுத அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. தம்பியைவிடத் தம்பி பெண்டாட்டி மேல்தான் அவளுக்குப் பாசம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.)

சாப்பாட்டு நேரத்தில் ஸ்பேர் அக்கா பார்லருக்கு ஓடினாள். நாத்தனார் கையில் உறை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை.

"அண்ணி, இதைக் கொஞ்சம் படிங்க."

"கையெல்லாம் டை. நீயே படிடி."

அவள் படித்தாள். நாத்தனாரின் பிரஷ் அப்படியே நின்றது. நாற்காலிப் பெண் கண்ணாடி வழியாகவே இவளைப் பார்த்தாள்.

"லாரி பிரேக்கா அண்ணி? இல்ல, முதலாளி சொல்ற மாதிரி ஓய்வா?"

நாற்காலிப் பெண்தான் சொன்னாள். "எனக்கும் ஒருத்தன் இதே மாதிரிதாங்க அனுப்பினான். எனக்கு ஒரு பிரேக் வேணும்னு. நானும் பாவம், ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி போலன்னு நெனச்சேன். அப்புறம் அவனையும் காணோம், என் மிக்ஸியையும் காணோம்."

"நீ சும்மா இரும்மா, காதுல டை போயிடும்" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லடி. இப்பல்லாம் இந்தப் பொண்ணுங்க அப்படி ஒரு பேச்சு பேசுறாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நாள் தள்ளித் தள்ளி இருந்து பாக்குறதுக்குப் பேரு பிரேக்காம்."

"தள்ளித் தள்ளின்னா? அவரு மாசத்துல பாதி நாள் மலையிலதான இருக்காரு. இதுக்கு மேல எங்க தள்றது?"

"அதைத்தான்டி நானும் சொல்றேன். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல." பிரஷைக் கிண்ணத்தில் போட்டாள். "அவன் எப்படிப்பட்டவன்னு கேட்டா... முழுசா எனக்கும் தெரியாதுடி. சின்ன வயசுலயே அவன் வாயைத் திறக்கவைக்க நான் கிள்ளித்தான் விடுவேன்."

இந்த இடத்தில்தான் கண்ணுகளா, கதையில் ஈ நடுவில் வந்து உட்கார்ந்தது. அதுவரைக்கும் ஒரு சாமானைப் பற்றிய குழப்பம். இப்போது ஒரு குடும்பத்தைப் பற்றிய குழப்பம்.

6

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். அவன் சட்டைகள் வழக்கத்தைவிடக் குறைவாகத் தொங்குவதுபோல இருந்தது. வழக்கமாக எத்தனை தொங்கும்? அதை யார் பார்த்தது? ஸ்வெட்டரையும் காணோம். மலைக்குப் போகிறவன் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகமாட்டானா? ஆனால் போன தடவை எடுத்துக்கொண்டு போனானா? ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததே ஒரு சாட்சிபோல உறுத்தியது.

ஞாபகம் வந்தது வேறொன்று. கிளம்புவதற்கு முந்தின நாள், "இந்த மலை ஓட்டத்தை விட்டுடுங்க. முதலாளிகிட்ட சொல்லிட்டேன். கடையிலயே ஒரு ஆள் வேணுமாம். என் பக்கத்துலயே இருக்கலாம்" என்றாள்.

"உன் பக்கத்துல உக்காந்து நட்டு போல்ட்டு பொறுக்கவா?"

"ஏன்யா, என் பக்கத்துல உக்காந்தா முள்ளு குத்துதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் குத்துதுன்னும் சொல்லவில்லை, குத்தலைன்னும் சொல்லவில்லை. அப்போது அவளும் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். இப்போது நினைத்தால் அந்தப் பதிலுக்காகவே அங்கேயே நின்றிருக்கலாம்.

கல்யாணமான புதிதில் அவன் ஒருநாள், "நீ எனக்கு ஸ்பேர் மாதிரி. நீ இருக்கேன்னா எவ்வளவு தூரம் வேணாலும் தைரியமாப் போவேன்" என்று சொன்னான். அன்றைக்கு அது கொஞ்சலாக இருந்தது. இன்றைக்கு அதே வார்த்தை வேறு மாதிரி திரும்பிப் பார்த்தது. ஸ்பேர் என்றால் அதிகப்படி என்றும் அர்த்தம்தானே? ஓடுகிற வரைக்கும் யாரும் தொடாமல் பின்னால் மாட்டி வைத்திருப்பதுதானே?

கைபேசியை எடுத்து எழுதினாள்.

'எந்த'

அழித்தாள்.

'நான் ஏதாவது தப்பா'

அழித்தாள்.

'லைனிங் ரெடி, முன்னாடியா பின்'

அழித்தாள். அவன் ஓய்வைக் கேட்டிருந்தால், பெண்டாட்டிக்கு லைனிங்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். தள்ளி இருக்கக் கேட்டிருந்தாலோ, இதற்காகத்தான் கேட்டேன் என்பான்.

(இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று பார்த்தேன். "அவள் கண்களில் நீர் திரண்டு—" என்றுகூட எழுதினேன். அவள் அழவில்லை. ஒரு பையை எடுத்தாள். சரி, அவள் இஷ்டம்.)

பைக்குள் பிரேக் லைனிங் கட்டை வைத்தாள். முதலாளி சொன்னதுபோல ஓய்வாக இருந்தால்? அவன் தலையணையை மடக்கித் திணித்தாள். ஊர் ஊராகப் போனாலும் அந்தத் தலையணை இல்லாமல் அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாற்காலிப் பெண் சொன்னதுபோல இருந்தால்?

அதற்கு என்ன எடுத்துக்கொண்டு போவது? பீரோ முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அதற்கு எந்தக் கடையிலும் சாமான் இல்லை. இன்னொரு கையை வெறுங்கையாகவே வீசிக்கொண்டு கிளம்பினாள்.

7

மலைப்பக்கம் போகிற லாரி எது என்று கேட்டதற்கு, முட்டை ஏற்றுகிற ஓட்டுநர் சிக்கினார். அவர் பெயர் முட்டை. வேறென்ன இருக்கும்? அவளைவிட நிறைய மூத்தவர். கண்ணாடியாவது பரவாயில்லை, முட்டை அதைவிட மெதுவாக ஓட்டுவார். குழியைப் பார்த்தால் இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வருகிற ஜாதி.

"என்னம்மா இது, தலையணையோட வர்றே? வண்டியில தூங்கப் போறியா?"

"அவருக்குண்ணே."

"அதுவும்?"

"பிரேக் லைனிங்."

"அப்ப பிரேக்கு போச்சா, தூக்கம் போச்சா?"

"தெரியலண்ணே."

அவர் கியரைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "அண்ணே, நீங்க உங்க வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவீங்களா?"

"அனுப்புவேனே. 'வரேன்'னு அனுப்புவேன். அவ 'சரி'ன்னு அனுப்புவா."

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா இருக்கு? வரேன்னா வரேன். சரின்னா சரி."

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வளைவுகள் ஆரம்பித்தன. பின்னால் முட்டைத் தட்டுகள் ஒன்றோடொன்று மெல்ல உரசுகிற சத்தம். முட்டை திடீரென்று சொன்னார்: "ஒரு தடவை 'சரி'ன்னு வரலம்மா. 'ம்'னு வந்துச்சு. அன்னிக்கு எனக்கு வண்டியே ஓடல. வீட்டுக்குப் போயி, ஏன்டி 'ம்'னு போட்டேன்னு கேட்டா, கையில மாவுங்கறா."

சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்கும் கையில் ஏதாவது மாவு இருந்திருக்கலாம் இல்லையா?

8

இப்போது மலையில் ஒரு சாலையோரக் கடை. அதன் முன்னால் கண்ணாடியின் லாரி நிற்கிறது. முட்டை தன் வண்டியை அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். இதற்குமேல் எப்படிப் போவதென்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன், கிழித்ததையும் காட்டிவிடுகிறேன்.

முதல் முடிவில் அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கை முகமெல்லாம் கரி. அவளைப் பார்த்ததும், "லைனிங் கொண்டாந்தியா? நீ கொண்டாருவேன்னு தெரியும்" என்றான். அவள் அங்கேயே உட்கார்ந்து சிரி சிரி என்று சிரித்தாள். இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு டீ போட்டுக் குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பப் படித்தால், 'எனக்கு ஒரு' என்கிற இரண்டு வார்த்தையும் முறைக்கின்றன. இந்த முடிவுக்கு அவை எதற்கு?

இரண்டாவதில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அவள் தலையணையை—

(இவ்வளவுதான் எழுதினேன். தூங்குகிறவனை வைத்துக்கொண்டு கதையை முடிப்பது ஏமாற்று வேலை.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். அவன் அவளைக் கடைக்குள் கூட்டிப்போய் எதிரே உட்கார வைத்து, டம்ளரை உருட்டிக்கொண்டே, "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் என் கை ஓடவில்லை. என்னிடம் கதை கேட்க வருகிறவர்களில் அப்படி ஒரு டம்ளருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் முகம் வந்து நின்றது. பேனாவை வைத்துவிட்டேன்.

ஆகவே எது உறுதியாகத் தெரியுமோ அதை மட்டும் சொல்கிறேன்.

லாரியின் சக்கரங்களுக்கு முட்டுக் கல் கொடுத்திருந்தது. பிரேக்கை நம்பாதவன் கல் வைப்பான். பிரேக் நன்றாக இருந்தாலும் சரிவில் நிறுத்துகிறவன் கல் வைப்பான். கண்ணாடிப் பலகைகள் ஒன்றும் உடையவில்லை. அவன் கடை வாசல் ஸ்டூலில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாத சிவப்பா, பிரேக் புகையில் குனிந்து பார்த்த சிவப்பா, வேறு சிவப்பா என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குப் பிடிபடவில்லை. ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். குளிர்தான்.

முட்டையின் வண்டிக் கதவு திறந்தது. ஒரு கையில் பையோடு அவள் படியில் கால் வைத்தாள். சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான், அவன்தான் எதற்கும் நேரமெடுப்பவன் ஆயிற்றே. எழுந்தான்.

"வந்துட்டியா?" என்றான்.

இதற்கு மேல் அவன் பேசுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்ன விதத்தில் எல்லாம் இருந்தது. எனக்குத்தான் அது கேட்கவில்லை. நான் தாளில் 'வந்துட்டியா' என்று எழுதுகிறேன். ஆறு எழுத்து, ஒரு கேள்விக்குறி. எப்படித் திருப்பிப் போட்டாலும் அதே ஆறுதான். எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் வந்துவிட்டாள் என்றும் சொல்லலாம். அப்பாடா, இனி கண்ணை மூடலாம் என்றும் சொல்லலாம். இங்கேயுமா என்றும் சொல்லலாம். எல்லாவற்றையும் நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பல் போன வாயில் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது.

நீங்கள் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டு. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் குரல் வருகிறதோ அதுதான் அவன் குரல். அதைக் கேட்டுத்தான் அவள் இறங்குவதா, திரும்ப ஏறுவதா என்று முடிவு செய்யவேண்டும். ஒரு கால் படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக நிற்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள் கண்ணுகளா. பை கனமாக இருக்கும், ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.